தெரியும் என்று போட்ட கையெழுத்து

நான் பன்னிரண்டு வருஷம் காணித் தரகனாக இருந்தேன். நல்ல தரகன் என்று பெயரும் எடுத்தேன். அந்தப் பெயரை எடுக்க என்னென்ன செய்தாய் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன். இப்போது என்னைச் சிறைக்கு, எங்கள் பேச்சில் மறியலுக்கு, அனுப்பக்கூடியவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அதனால் சொல்கிறேன்.

திருகோணமலையில், துறைமுகத்துக்குப் போகிற வீதியில், ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் எங்கள் முதலாளியின் காணிக் கந்தோர் இருந்தது. ஒரு மேசை, மூன்று கதிரை, ஓர் இரும்பு அலுமாரி, வருகிறவர்கள் இருக்க ஒரு வாங்கு. முதலாளி காணியைப் பிடிப்பார். நான் வெயிலில் நடந்து ஆட்களுக்கு எல்லை காட்டுவேன். காணி விலைப்பட்டால் எனக்கு வருவது கறிவேப்பிலை மரியாதை. குழம்பு கொதிக்கும்வரைதான் நான் வேண்டும்.

முதலாளிக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. “என்ர கந்தோரில இருந்துகொண்டு வெளிவேலை பாக்கிறாய் எண்டு அறிஞ்சன் எண்டால், அண்டைக்கே உன்னைப் படியால இறக்கிவிடுவன்” என்பார். அவர் மட்டும் காணியோடு சேர்த்துக் கலியாணத் தரகும் பார்த்தார். எந்த வீட்டில் எந்தப் பெண்ணுக்கு எவ்வளவு காணி எழுதி வைத்திருக்கிறது என்று அவருக்குத்தானே தெரியும். சட்டம் எங்களுக்கு, சம்பாத்தியம் அவருக்கு.

ஆனாலும் நான் வெளிவேலை செய்தேன். எல்லாத் தரகர்களும் செய்தோம். என்னுடையது இரண்டு வேலை. ஒன்று, பதிவுக் கந்தோரில் தோம்பு பார்த்துக் கொடுப்பது. ஒரு காணி யார் பெயரில் இருக்கிறது, யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்பதெல்லாம் அங்கே உள்ள பெரிய புத்தகங்களில் இருக்கும். வாசிக்கத் தெரியாத சனத்துக்கு நாங்கள் தேடிச் சொல்வோம்.

மற்றது சாட்சிக் கையெழுத்து. காணி உறுதி, அதாவது கிரயப் பத்திரம், முடிப்பதென்றால் நொத்தாரிசுக்கு முன்னால் இரண்டு சாட்சிகள் ஒப்பமிடவேண்டும். விற்கிற ஆளை எங்களுக்கு நன்றாகத் தெரியும், இவர் இன்னார்தான் என்பதே அந்த ஒப்பத்தின் பொருள். அப்போது அடையாள அட்டை வரவில்லை. ஓர் ஆள் இன்னார் என்பதற்கு இன்னோர் ஆளின் வாய்தான் அத்தாட்சி. குச்சவெளியிலிருந்தும் மூதூர்ப் பக்கமிருந்தும் வருகிற சனத்துக்குப் பட்டினத்தில் யாரைத் தெரியும்? அதற்குத்தான் நாங்கள். நொத்தாரிசு வீட்டுக்கு எதிரே தேத்தண்ணிக் கடையில் நாலைந்து பேர் குந்தியிருப்போம். கைகாட்டினால் எழும்பிப் போவோம். “ஆளைத் தெரியுமோ?” என்று நொத்தாரிசு கேட்பார். “ஓம், தெரியும்” என்போம், பிறந்த நாளிலிருந்து கண்டிராத முகத்தைப் பார்த்து. எங்களுக்குத் தெரியாது என்பது அவருக்கும் தெரியும். ஐந்து ரூபாயும் ஒரு தேத்தண்ணியும் கிடைக்கும். என் கையெழுத்து அழகானது. அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

வெள்ளைக்காரன் துறைமுகத்தை விட்டுப் போனபின் படுத்துக் கிடந்த காணி விலை, நிலாவெளியில் கடலோரமாக ஹோட்டல்கள் வரப்போகின்றன என்ற கதையோடு எழும்பியது. தாழையும் நண்டுப் பொந்துமாகக் கிடந்த மணலுக்கும் ஆட்கள் வந்தார்கள். அந்த நாட்களில் ஒரு மத்தியானம் நொத்தாரிசு என்னைக் கூப்பிட்டார். உள்ளே ஒரு பொம்பிளையும் ஒரு வாலிபனும் இருந்தார்கள். நிலாவெளியில் தாழையடி வளவு என்று ஒரு காணி. உரிமைக்காரி ஒரு விதவை. இவ என்ர பெரியம்மா, காணியை விற்கிறா என்றான் வாலிபன். காணியின் மூலப் பத்திரமான தாய் உறுதியையும் கொண்டுவந்திருந்தான். வாங்குகிறவர் ஏற்கெனவே காசோடு வந்து கதிரையில் இருந்தார்.

நொத்தாரிசு உறுதியை எழுதிக்கொண்டே, “புருஷன்ர பேர் என்ன?” என்று கேட்டார். அந்தப் பொம்பிளை சீலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்தாள். பிறகு வாலிபனைப் பார்த்தாள். அவன் பெயரைச் சொன்னான். எங்கள் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். அரசாங்கக் கச்சேரியில் கேட்டாலும் பக்கத்தில் நிற்கிறவர்தான் சொல்லவேண்டும். சொன்னால் அவருடைய ஆயுள் குறையுமாம். செத்துப்போனவருக்கு இனி எந்த ஆயுள் குறையப்போகிறது என்று அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை.

“மனிசன் செத்தும் பேர் சொல்லமாட்டாவாம். நல்ல குடும்பத்து மனிசி” என்றார் நொத்தாரிசு. எல்லாரும் சிரித்தோம். அவள் பெருவிரல் அடையாளம் வைத்தாள். நான் ஒப்பமிட்டேன். தேத்தண்ணி குடித்தேன்.

ஏழெட்டு மாதம் கழித்து இன்னொரு பொம்பிளை எங்கள் கந்தோருக்குப் படியேறி வந்தார். ஐம்பது வயதிருக்கும். மூதூரிலிருந்து லோஞ்சில் குடாவைக் கடந்து வந்ததில் சத்தியெடுத்து, முகம் வெளிறியிருந்தது. முதலாளி வெளியே போயிருந்தார்.

“தம்பி, ஒரு தோம்பு பாக்கவேணும். நீங்கள் பாப்பியள் எண்டு கீழ சைக்கிள் கடையில சொன்னவங்கள்.”

முதலாளியின் காதுக்கு எட்டக்கூடாது என்று முதலில் சொல்லிவைத்தேன். தலையாட்டினார். பிறகு தன் கதையைச் சொன்னார். சொந்த ஊர் நிலாவெளி. புருஷன் செத்தபிறகு மூதூருக்குப் பக்கத்தில் கட்டைபறிச்சானில் மூத்த மகளோடு போய் இருக்கிறார். நிலாவெளிக் காணியின் உறுதியைக் கொழுந்தனின் மகனிடம் பத்திரமாக இருக்கட்டும் என்று கொடுத்து வைத்தார். இப்போது இளைய மகளுக்குக் கலியாணம் பேசியாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் அந்தக் காணியைப் பெண்ணின் பெயருக்கு எழுதக் கேட்கிறார்கள். உறுதியைக் கேட்டால் கொழுந்தனின் மகன் இன்றைக்கு நாளைக்கு என்கிறான்.

“அந்தக் காணி மட்டும்தான் தம்பி அவளுக்கு இருக்கு. அது இல்லாட்டில் கலியாணமும் இல்லை.”

புருஷனின் பெயர் என்ன என்று கேட்டேன். சொல்லக் கூச்சமென்றால் வேறு யாராவது வந்து சொல்லலாம் என்றேன்.

“காணிக் காரியத்தில என்ன கூச்சம்? பேர் சொல்லாட்டில் பிள்ளைக்குக் காணி கிடையாது. அவர் ஒண்டும் நினைக்கமாட்டார்” என்று சொல்லிவிட்டு, பெயரைத் தெளிவாகச் சொன்னார்.

எங்கேயோ கேட்ட பெயராக இருந்தது. ஊரில் அந்தப் பெயரில் ஆயிரம் பேர் இருப்பார்கள் என்று எழுதிக்கொண்டேன். அடுத்தநாள் பதிவுக் கந்தோரில் புத்தகத்தை விரித்தேன். தாழையடி வளவு என்று கண்டதும் கீழே இருந்த வரிகளை இரண்டாம் தரம் வாசித்தேன். அதே காணி, அதே நொத்தாரிசு, அதே உறுதி. சீலைத் தலைப்பை இழுத்துக்கொண்டு குனிந்தவள் கூச்சத்தால் குனியவில்லை. அவளுக்கு அந்தப் பெயர் தெரியாது.

நொத்தாரிசிடம் ஓடினேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு அவசரமில்லாமல் சொன்னார்: “நான் ஆளைத் தெரியுமோ எண்டு கேட்டனான். நீர் தெரியும் எண்டு சொன்னனீர். கையெழுத்து உம்மடது. மறியலுக்குப் போறதெண்டால் முதல் நீர்தான் போகவேணும்.” ஆடு நனைகிறதென்று ஓநாய் அழும் என்பார்கள். இந்த ஓநாய் அழக்கூட இல்லை.

அடுத்த கிழமை அந்த அம்மா வந்தபோது, தோம்புப் புத்தகம் அட்டை கட்டுவதற்குக் கொழும்புக்குப் போய்விட்டது என்றேன். அப்படி ஒரு பொய்யை எந்தப் பச்சைப்பிள்ளையும் நம்பாது. அவர் நம்பினார். அடுத்த மாதம் வந்தார், புத்தகம் வரவில்லை என்றேன். அதற்கடுத்த மாதம், புத்தகம் வந்துவிட்டது, அந்தப் பக்கத்தைக் கறையான் தின்றுவிட்டது, வேறு புத்தகத்தில் தேடவேண்டும் என்றேன். ஒவ்வொரு முறையும் தேடுகூலி வாங்கினேன். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று வாங்கவில்லை. வாங்காவிட்டால் சந்தேகப்படுவார் என்று பயந்து வாங்கினேன். வாங்கிய காசைச் செலவழித்தேன் என்பதும் உண்மை.

சில நாள் முதலாளி உள்ளே இருப்பார். அப்போது அந்த அம்மா வாங்கில் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, கடைசி லோஞ்சுக்கு நேரமாகிறதென்று எழும்பிப் போய்விடுவார். காணி பார்க்க வந்தவர் போலப் பாவனை செய்யவும் பழகிக்கொண்டார். என் வேலை போய்விடக்கூடாது என்பதில் என்னைவிட அவருக்குத்தான் அக்கறை. எனக்கு அவரைக் கண்டாலே எரிச்சல் வரும். இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. நான் கெடுத்த மனுஷி என்மேல் நம்பிக்கையோடு வந்து உட்கார்ந்தால், எனக்கு இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. லோஞ்சு கவிழ்ந்தால் நல்லது என்றுகூட ஒருநாள் நினைத்திருக்கிறேன்.

அதற்குள் காணி இன்னொரு கை மாறி ஹோட்டல் கட்டுகிறவர்களிடம் போய்விட்டது. அந்த அம்மா ஒருநாள் நிலாவெளிக்கே பஸ் ஏறிப்போய், தன் வளவைச் சுற்றி முட்கம்பி அடித்திருப்பதைக் கண்டார். காவலுக்கு நின்றவன் வேலியைத் தொடவும் விடவில்லை. இது உங்கள் கையால் விற்ற காணி, விரல் அடையாளம் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறான்.

அங்கிருந்து நேரே வழக்காடுகிற ஒரு பிரக்கிராசியிடம் போனார். வழக்கு வைக்கலாம் என்றார் பிரக்கிராசி. ஆனால் முதலில், இவர்தான் உண்மையான உரிமைக்காரி என்று பட்டினத்தில் மதிப்பான ஓர் ஆள் சத்தியக் கடதாசியில் கையெழுத்து வைக்கவேண்டும். மகளும் மருமகனும் சொன்னால் எடுபடாது. நிலாவெளிச் சனம் கொழுந்தனின் மகனுக்குப் பயந்து வாய் திறக்காது. பட்டினத்தில் அவரைத் தெரிந்த ஒரே ஓர் ஆள் நான்.

காலை பத்து மணியிருக்கும். முதலாளி கதிரையில் இருந்தார். அந்த அம்மா தட்டச்சடித்த கடதாசியோடு படியேறி வந்தார். பின்னால் இளைய மகள். இருபது வயதுப் பெண், தாயைப் பார்த்தபடியே நின்றாள். அன்றைக்கு அவர் வாங்கில் இருக்கவில்லை. பாவனையும் செய்யவில்லை. நேரே முதலாளியிடம் போனார்.

“ஐயா, என்ர காணியைக் களவா வித்துப்போட்டாங்கள். என்னைத் தெரிஞ்ச ஒரு ஆள் இதில கையெழுத்து வைக்கவேணுமாம். இந்தத் தம்பிக்கு என்னைத் தெரியும். எட்டு மாசமாத் தெரியும்.”

முதலாளி கடதாசியை வாங்கி வாசித்தார். தாழையடி வளவு என்ற இடத்தில் அவருடைய விரல் நின்றது. நொத்தாரிசும் அவரும் ஒரே கள்ளுக்கொட்டிலில் குடிக்கிறவர்கள். எல்லாம் அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது என்பதை அவர் உதட்டில் வந்த சிரிப்பில் கண்டேன். கடதாசியை என் பக்கம் தள்ளினார்.

“இவவைத் தெரியுமோ?”

என்னிடம் பேனை இருந்தது. கையெழுத்து வைத்தால், அதே காணிக்கு இரண்டு பொம்பிளைகளை எனக்குத் தெரியும் என்று சொன்னவன் ஆவேன். மூன்று வருஷமாவது உள்ளே இருக்கவேண்டி வரும். அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“தெரியாது” என்றேன். “இடைக்கிடை வந்து வாங்கில இருக்கிறவ. ஆர் எவர் எண்டு எனக்குத் தெரியாது.”

அந்த அம்மா மேசைக்குக் கிட்ட வந்தார். கடதாசியை எடுத்து நாலாக மடித்தார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

“ஆளைத் தெரியாமல் கையெழுத்து வைக்கப்படாது எண்டு இண்டைக்குத்தான் படிச்சிருக்கிறாய்” என்றார் முதலாளி. காசை எடுத்து நீட்டி, “போய் ஒரு பெட்டி சிகரெட் வாங்கிக்கொண்டு வா” என்றார். வெளிவேலை பார்த்ததற்காக என்னைப் படியால் இறக்கிவிடவில்லை. அதற்குப் பிறகு தான் சாகும்வரை என்னை வைத்து அரைச் சம்பளத்துக்கு வேலை வாங்கினார்.

கீழே இறங்கியபோது தாயும் மகளும் சைக்கிள் கடை ஓரத்தில் நின்றார்கள். என்னைக் கண்டதும் அந்த அம்மா கிட்ட வந்தார். காறித் துப்பப்போகிறார் என்று நினைத்தேன். துப்பியிருந்தால் துடைத்துவிட்டுப் போயிருப்பேன். அவர் மேல்மாடி ஜன்னலை ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“முதலாளிக்கு முன்னால கேட்டது என்ர பிழை, தம்பி. நீங்கள் வெளிவேலை பாக்கிறது அவருக்குத் தெரியக்கூடாது எண்டு முதல்நாளே சொன்னனீங்கள், நான்தான் யோசிக்கேல்லை. உங்கட வேலைக்கு ஒண்டும் வராதுதானே?”

“வராது” என்றேன்.

“அப்ப சரி. நான் வேற ஆளைப் பாக்கிறன்.”

வேறு ஆள் கிடைக்கவில்லை. வழக்கு வைக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் அந்த ஆவணியிலேயே வேறு இடத்தில் பெண் எடுத்தார்கள். அந்தக் கலியாணத்தைப் பேசி முடித்துத் தரகு வாங்கியவர் எங்கள் முதலாளிதான். தன்வினை தன்னைச் சுடும் என்பது பொய். என்னைச் சுடவில்லை. அடையாள அட்டை வரும்வரை நான் எத்தனையோ பேருக்குச் சாட்சி ஒப்பமிட்டேன். தாழையடி வளவில் மூன்று மாடி எழும்பியது. அந்தப் பெண் பிறகு கலியாணம் கட்டவேயில்லை என்று மூதூரிலிருந்து வந்த ஒருவர் சொன்னார்.

அந்த அம்மா உயிரோடிருந்தால், அன்றைக்கு நான் என் வேலைக்குப் பயந்துதான் அவரைத் தெரியாது என்றேன் என்று இப்போதும் நினைத்துக்கொண்டிருப்பார். என்னை மன்னித்தும் இருப்பார்.