பத்து நாளும் எட்டுப் படகு

மீஞ்சூரில் ரயில் ஏறியதும் அந்தப் புத்தகத்தைத் திறந்தேன். எண்ணூர் வருவதற்குள் மூடிவிட்டேன். அவ்வளவு எரிச்சல். அறிவியல் என்றால் என்ன என்று கேட்கும் பழைய புத்தகம் அது. ஒன்றையே எத்தனை தடவை பார்த்தாலும் அது நிரூபணம் ஆகாது, உன் முடிவை உடைக்கக்கூடியதை நீயே தேடிப் போ என்கிறது. அந்த இடத்தில் பென்சிலால் இரண்டு கோடு. கோடு போட்டவர், போன வருடம் எங்கள் பழவேற்காடு ஏரியில் ஆய்வு நடத்திய பேராசிரியர். நன்றாக வேலை செய்தேனாம். மெச்சித் தன் பிரதியையே கொடுத்தார். இத்தனை நாள் அலமாரியில் கிடந்தது.

என் வேலை படகு எண்ணுவது. எங்கள் ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. குலுக்கல் போட்டு முறை வைத்திருக்கிறோம். இன்று யார் முறையோ அவர்கள் படகு மட்டும் இறங்கும், மற்றவர்கள் கரையில் வலையைச் சரி பார்ப்பார்கள். இதைத்தான் பாடு என்போம்; வலை போடும் இடத்துக்கும் அதே பெயர்தான். ஊருக்கு எதிரே உள்ள இறால் பாட்டில் பத்து நாள் எண்ணினேன். பத்து நாளும் எட்டுப் படகு, ஒவ்வொரு நாளும் வேறு எட்டு. ஆய்வுத் தாளில் எண்ணிக்கைக்கு மட்டும்தான் கட்டம் இருந்தது. எட்டு, எட்டு என்று நிரப்பிக் கொடுத்தேன். பாடு தெரியாத மனிதர் இருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

போன வாரம், ஏரியில் துறை கட்டுவது பற்றிக் கருத்துக் கேட்புக் கூட்டம். அந்தப் பாட்டை நம்பி எட்டுப் படகுதான் இருக்கிறது, மண்ணைக் கொட்டித் துறை கட்டினால் பெரிய பாதிப்பு இல்லை என்று பேராசிரியர் வாசித்தார்.

நைனா எழுந்துவிட்டார். "இன்னா சார், எட்டா? எம்பது படகு கீது சார்!"

"பத்து நாளும் எண்ணியாச்சுங்க. ஒரு நாள்கூட மாறலை. எண்ணினதே உங்க பொண்ணுதான்."

ஊரே என்னைத் திரும்பிப் பார்த்தது.

என்ன படிப்பு இது? தினமும் காலையில் வலையோடு உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டித்தான் அவர் வந்தார். அவர்கள் கொடுத்த டீயைக் குடித்தார். ஏன் நீங்கள் போகவில்லை என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் முடிவு அங்கேயே உடைந்திருக்கும். கோடு போட மட்டும் பென்சில் கிடைத்திருக்கிறது. புத்தகத்தை ஜன்னல் வழியே வீசிவிடலாம் போல இருந்தது.

மறுப்பு எழுதித் தர இன்னும் நான்கு நாள் இருந்தது. ரயிலில் போய் வீடு திரும்பிய அன்று மாலையே எழுத உட்கார்ந்தேன். எந்த நாள் யார் படகு என்று நைனா ஒவ்வொன்றாகச் சொன்னார், நான் எழுதினேன். எட்டாவது நாளில் எங்கள் படகு வந்தது. நைனா நிறுத்தினார்.

"இதெல்லாம் உனக்கே தெரியுமே. அப்போ இன்னாத்துக்கு எழுதல?"

"தாள்ல அதுக்குக் கட்டம் இல்ல நைனா."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. பேராசிரியரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்.