தவசிமுத்து அணைத்த சூடம்

தவசிமுத்துவைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் எங்கள் ஊர் தேவதானத்தில் அவனைப் பற்றிக் கெட்டதாகப் பரப்பியவன் நான்தான். அதனால் மாற்றி எழுதவும் நானே உட்கார வேண்டியிருக்கிறது.

எங்கள் இருவர் நிலத்துக்கும் நடுவே மலையிலிருந்து இறங்கும் ஓடை வளைந்து போகும். கிழக்கே என் நெல் வயல், மேற்கே அவன் தென்னங்கன்றுகள். அவன் ஒரு மாதிரி ஆள். தண்ணீர் பாய்ச்சுகிற நேரத்தில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு மலையைப் பார்ப்பான். "ஏலே மாரிச்சாமி, நம்ம வயக்காடு அம்புட்டும் அந்த மலை கரைஞ்சு வந்த மண்ணுதாம்ல. எத்தனை லட்சம் வருசமோ!" என்பான். ஓடையில் கிடக்கும் உருண்டைக் கல்லை எடுத்து, இதன் மூலையெல்லாம் எங்கே போச்சு என்று கேட்பான். வேலையைப் பாரப்பா என்று நான் சிரிப்பேன்.

எண்பத்திரண்டில் மழைக்காலம் முடிந்ததும் வயலை அளந்தேன். ஓடைப்பக்கம் மூன்று அடி குறைந்திருந்தது. எதிர்க்கரையிலோ புதுமண் ஏறியிருந்தது. எனக்கு எப்போதுமே மூக்குக்கு மேல் கோபம். இவன் மண்ணைக் கொட்டி ஓடையை என் பக்கம் தள்ளிவிட்டான் என்று கத்தினேன்.

"ஓடையை எவன்லே தள்ள முடியும்?" என்றான் தவசிமுத்து. "வளையுற எடத்துல தண்ணி வேகமா வந்து உன் கரையை அரிக்குது. என் பக்கம் மெதுவாப் போயி மண்ணைப் போடுது. மழையில செத்த நேரம் வந்து நின்னு பாரு, தெரியும்."

நான் போய் நிற்கவில்லை. ஓடையோரம் ஒரு பிடி மண்கூடக் கொட்டவில்லை என்று கருப்பசாமி கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னேன். ஊர் கூடி நிற்க, அவன் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தான்.

எட்டாம் நாள் அவன் மகள் அழகுத்தாய்க்குக் காய்ச்சல் கண்டது. ஐந்து வயதுப் பிள்ளை. காய்ச்சல் விட்டபோது இடது கால் விளங்கவில்லை. இளம்பிள்ளைவாதம் என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் டாக்டர் சொன்னார். நான் டீக்கடையில் வேறு விதமாகச் சொன்னேன். "பொய்ச் சத்தியம் சும்மா விடுமா? கருப்பன் கேட்டுட்டான் பாத்தியளா!" எழுதும்போதே உடம்பு கூசுகிறது. ஒரு பிள்ளையின் கால் போனதை எனக்குச் சாட்சியாக்கிக்கொண்டேன்.

ஊர் நம்பியது. அவன் வீட்டுப்படி ஏறுகிறவர்கள் குறைந்தார்கள். மறு வருஷமே நிலத்தை ஒரு வெளியூர்க்காரருக்கு விற்றுவிட்டு, ராஜபாளையத்துக்குப் பஞ்சு மில் வேலைக்குப் போய்விட்டான். வாங்கியவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தென்னங்கன்றுகள் கருகி, மேற்குக் கரையில் சீமைக்கருவேலம் மண்டியது.

ஓடை மட்டும் நிற்கவில்லை. ஒரு வருஷம் அரை அடி, ஒரு வருஷம் ஒன்றரை அடி என்று என் கரை போய்க்கொண்டே இருந்தது. எனக்குத் தெரியாமல் இல்லை. ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

தொண்ணூற்று மூன்று கார்த்திகையில் என் மோட்டார் ரூம் சுவர் பாதி அந்தரத்தில் தொங்கியது. அன்றுதான் மழையில் போய் நின்றேன். என் பக்கம் தண்ணீர் மோத மோத, மண் பிடி பிடியாக இற்று விழுந்து கரைந்தது. அந்தப் பக்கம் தண்ணீர் சோம்பிப் போய் மணலை இறக்கிவிட்டு நகர்ந்தது. அங்கே ஆளும் இல்லை, மண்வெட்டியும் இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவன் சொன்னது அப்படியே என் கண்முன்னால் நடந்தது.

மறுநாள் ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தபோது, ஷிப்ட் முடிந்து வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தான். தலைமுடியில் நரை எது, பஞ்சு எது என்று தெரியவில்லை. அடித்து விரட்டுவான் என்று நினைத்தேன். "வாலே, உக்காரு" என்றான். நான் நின்றுகொண்டே பார்த்ததையெல்லாம் சொன்னேன். "நீ சொன்னதுதான் நெசம், தவசி. நான் பாவி" என்றேன்.

அவன் மெல்லக் கேட்டான்: "அப்ப, நான் போட்ட மண்ணால இல்லையா?"

"என்ன மண்ணு?"

"ஓடையோரத்துல ஒரு தென்னங்கன்னு மூட்டுல நாலு கூடை மண்ணு போட்டேன். சத்தியம் பண்ணும்போது அது ஞாபகம் இல்ல. பொறவு நீங்க எல்லாரும் சொல்லச் சொல்ல, அதுதான் பொய்ச் சத்தியமாப் போச்சோன்னு நெனைச்சேன். உன் காலு என்னாலதான் போச்சு தாயின்னு அவகிட்டயும் சொல்லிட்டேன்."

லட்சம் வருஷக் கணக்குப் பேசியவனை நாலு கூடை மண்ணுக்குப் பயப்பட வைத்திருக்கிறேன்.

"நாலு கூடை மண்ணுல ஓடை நகருமா, தவசி? நீதானே எனக்குச் சொன்ன?" என்றேன்.

"எங்கிட்டச் சொல்லாத" என்றவன் உள்ளே திரும்பிக் கூப்பிட்டான். "ஏட்டி அழகு, இங்க வா. தேவதானத்து மாமா உங்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

அவளுக்கு அப்போது பதினாறு வயது. சுவரைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து வந்து என் முன்னால் நின்றாள். டீக்கடையில் ஊருக்கே கேட்கும்படி பேசிய நான், தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டேன்.

"என்ன மாமா?" என்றாள்.

தலையைக் குனிந்தால் அவள் கால் தெரிந்தது. நிமிர்ந்து, ஓடையிலிருந்து ஆரம்பித்தேன்.