உரப் பீப்பாய்க்குப் பக்கத்தில் கிடந்த பை

பிளாட்டில் இருக்கும் எல்லோருக்கும்: உங்களில் யாரையோ மாட்டிவிடத்தான் நான் பொலிசைக் கூப்பிட்டேனாம். அது பிழை.

இன்று காலை, சமையல் கழிவை உரமாக்க நான் கீழே வைத்திருக்கும் பீப்பாய்க்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பை இறுக்கி முடிந்தபடி கிடந்தது. குண்டுப் பயமுள்ள இந்த நாட்களில் வெள்ளவத்தையில் ஆளில்லாத பையைக் கண்டால் அறிவிக்கத்தான் வேண்டும். அறிவித்தேன்.

பொலிசார் வந்து ஒழுங்கையை மறித்துவிட்டார்கள். பள்ளிக்கூட வானும் உள்ளே வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்து அவர்கள் பையைத் திறந்தபோது உள்ளே இருந்தவை மீன் தலைகள். நல்ல பாரை.

"யாருடைய பை?" என்று பொலிஸ்காரர் சிங்களத்தில் கேட்டார். பல்கனிகளில் நின்ற ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் அடையாள அட்டை விபரத்தைப் பதிந்துகொண்டு போனார். கணவர் காலமானபின் தனியே இருக்கும் எனக்கு அது விளையாட்டல்ல.

பிறகு மூன்றாம் மாடி சந்திரா வந்தாள்.

"அன்ரி, பீப்பாயைத் தூக்கச் சொல்லி கமிட்டியில கதைக்கினம்."

"மரக்கறிக் கழிவை மட்டும் கொட்டி, மேலே காய்ஞ்ச இலை போடுங்கோ எண்டு எத்தனை தரம் சொன்னனான்?"

"ஆர் அன்ரி மூடியைத் திறக்கிறது? மணக்குது."

"மீன் போட்டால் மணக்கும்தான், பிள்ளை."

உரமாக இன்னும் இரண்டு கிழமை வேண்டும். இப்போது எடுத்தால் எல்லாம் குப்பை லொறிக்குத்தான். காலையிலிருந்து நாலு தரம் இறங்கிப் பார்த்துவிட்டேன், பீப்பாய் இருக்கிறதா என்று.

மீன் யார் வாங்கினார்கள் என்று நான் கேட்கவில்லை. பீப்பாய் வேண்டுமா, வேண்டாமா என்பதை வீட்டு இலக்கத்தோடு எழுத்தில் அறியத் தாருங்கள்.