எண்பது அடுக்கு வெல்வெட்

கோட்டு தைக்கும் அந்த ஆலையில் கட்டிங் மாஸ்டருக்குக் கழுகு என்று பெயர். பன்னிரண்டு வருடமாக அவர் பார்வை படாமல் எந்தத் துணியிலும் கத்தி இறங்கியதில்லை. வெட்டுவதற்காக யார் வரைந்த அளவில் தப்பிருந்தாலும் வாயைத் திறக்க மாட்டார். மறுநாள் எல்லோரும் வருவதற்கு முன்பே வந்து, யாருக்கும் தெரியாமல் தானே அழித்துத் திருத்திவிடுவார். அதைப் பெருந்தன்மை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தார், பாவம். "நான் மடிச்ச துணியைப் பிரிச்சு மறுபடி மடிக்கிற மனுஷன்" என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

அவர் மேனேஜராகி இரண்டு மாதமாகியும் வெட்டும் மேஜையை விட்டு நகராததால், மேனேஜர் நாற்காலி காலியாகவே கிடந்தது. முதலாளி நேற்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். "வெல்வெட்டை உங்க அசிஸ்டென்ட் பொண்ணே வெட்டட்டும். நீங்க மேஜையில கை வச்சா, மேனேஜர் வேலைக்கு நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து ஒரே வெட்டில் வெட்ட வேண்டிய எண்பது அடுக்கு வெல்வெட். மாற்றுத் துணி ஒரு முழம்கூடக் கிடையாது. வெல்வெட்டின் ரோமம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஒரு துண்டைத் தலைகீழாக வெட்டிவிட்டால், தைத்த பிறகு அது மட்டும் வேறு நிறமாகப் பல்லிளிக்கும்.

காலையில், மேலே விரித்த காகிதத்தில் அவள் வரைந்திருந்ததைப் பார்த்தார். ஒரு கோட்டுக் கை தலைகீழாக இருந்தது. அழிக்கப் பென்சிலை எடுத்தவர், முதலாளி சொன்னது நினைவுக்கு வந்து கீழே வைத்தார். அதற்குள் அவள் வெட்டும் மெஷினைப் போட்டு, கத்தியைத் துணியின் ஓரத்துக்கே கொண்டுவந்துவிட்டாள்.

"ஏம்மா, நிறுத்து. கடைசியா ஒரு தடவை பார்த்துட்டியா?"

"அதான் நீங்க பார்த்திருப்பீங்களே, மாஸ்டர்?"

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது அவருக்கு. ஒன்பது வருடமாகத் தன்னிடம் வேலை பார்க்கும் இவள் கண்ணைக் கட்டிவைத்தது வேறு யார்?

"இனிமே கடைசிக் கண்ணு உன்னோடது. நான் சொல்ல மாட்டேன்."

அவள் முகம் வெளுத்தது. மெஷினை அணைத்துவிட்டு, துண்டு துண்டாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். விரல் அந்தக் கோட்டுக் கையைத் தாண்டிப் போயிற்று. அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். சொல்லித் தொலைத்துவிடலாமா? விரல் நின்றது. திரும்பி வந்தது.

"ஐயோ மாஸ்டர், இந்தக் கை தலைகீழா இருக்கு!"

அவருக்குப் போன உயிர் வந்தது. "சரி சரி, திருத்திட்டு வெட்டு."

"இருங்க, நான் இன்னும் முடிக்கல." குனிந்தபடியே போனவள் மூலையில் நின்றாள். "இந்தக் காலரும் தப்பு."

அவர் எட்டிப் பார்த்தார். உண்மைதான். அது அவர் கண்ணில் படவே இல்லை. வழக்கம்போல் ரகசியமாகக் கையை மட்டும் திருத்தியிருந்தால், இந்நேரம் எண்பது காலர் பாழாகியிருக்கும். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நீங்க முன்னாடியே பார்த்துட்டீங்களா, மாஸ்டர்?"

"கையைப் பார்த்தேன். காலரை விட்டுட்டேன்மா."

பன்னிரண்டு வருடத்தில் அந்த மேஜையருகே நின்று அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.