கம்பியை இறக்கச் சொன்ன தம்பி

கித்தாரைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே புலம்பல்தான்: "விரல் வலிக்குதுண்ணே, கம்பி ஒசரமா நிக்குது." எனக்கு ரயில்வேயில் தச்சு வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸின் பின்பக்கம் உட்கார்ந்து, கம்பியைத் தாங்கும் எலும்புத் துண்டை அரத்தால் தேய்த்துக் கொடுப்பேன். ஒரு மயிரிழை இறங்கினால் போதும், விரலுக்குச் சுகம். அளவுக்கு மேல் இறக்கினால் கம்பி கர்ரென்று இரையும்.

என் தம்பி மட்டும் வலிக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. கிள்ளானில் ஒரு மலாய் நாடகக் கூட்டத்தில் வாசித்துக்கொண்டிருந்தான். "அமுங்க மாட்டேங்குதுண்ணே, எறக்கிக் குடு" என்பான். மழைக்காலம், பலகை உப்பிக் கம்பி ஏறியிருக்கும் என்று தேய்த்துக் கொடுத்தேன். மறுவாரமே திரும்பி வந்தான். மறுபடி தேய்த்தேன். மறுபடியும் வந்து நின்றான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! ஒழுங்கா பழகுடா" என்று கத்தினேன்.

"இந்த ஒரு தடவ மட்டும்லா" என்று சிரித்தான்.

நானே வாங்கி வாசித்துப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி அமுங்கியது. கித்தாரில் ஒரு குறையும் இல்லை. அவன் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். இடக்கைச் சுண்டுவிரல் மடங்கியே கிடந்தது. வெயில் கொளுத்தும் நாளிலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். ஏன்டா என்றால், "தேமல்ணே, பாக்க அசிங்கமா இருக்கு" என்றான்.

அடுத்த வரிசை வீட்டில் ஒருவருக்குப் பெருவியாதி, அதுதான் குஷ்டம், என்று தெரிந்து, சர்க்கார் லோரி வந்து ஏற்றிக்கொண்டு போய்க் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. சுங்கை பூலோவில் அந்த நோயாளிகளுக்கென்றே அப்போது புதிதாகக் கட்டியிருந்த குடியிருப்புக்கு. போனவர் திரும்பவில்லை. அவர் படுத்த பாயை அக்கம்பக்கத்தார் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். அந்தப் பேச்சை எடுத்தாலே அம்மா, "வாயக் கழுவு" என்பாள். சீ, நம் வீட்டிலா, என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் தெருவில் லோரிச் சத்தம் கேட்டால் உளியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்ப்பேன்.

ஒரு ஞாயிறு காலை வேறு யாருடையதோ கித்தாருக்குப் பலகை ஒட்ட வஜ்ரப் பசை காய்ச்சிக்கொண்டிருந்தேன். கரி அடுப்பில் தகர டப்பா தளதளவென்று கொதித்தது. தம்பி பக்கத்தில் குந்தியிருந்தான்.

"அத எறக்கி வைடா" என்றேன். பிடிதுணி அவன் காலடியிலேயே கிடந்தது.

அவன் துணியை எடுக்கவில்லை. வெறும் இடக்கையால் டப்பாவைத் தூக்கினான். தூக்கிப் பிடித்துக்கொண்டே, நாடகத்தில் ராஜா வேஷம் கட்டுகிறவருக்குத் தொண்டை கட்டிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். தோல் பொசுங்கும் வாடை வந்தது.

"டேய், கீழ போடுடா! போடு!"

"என்னண்ணே?"

டப்பாவைத் தட்டிவிட்டு அவன் கையை இழுத்து வாளித் தண்ணீருக்குள் அமுக்கினேன். விரல்களெல்லாம் வெளுத்துக் கொப்பளித்திருந்தன. அவன் முகம் சுளிக்கவில்லை. தண்ணீருக்குள் கிடந்த கையை யாருடையதோ மாதிரி கொஞ்ச நேரம் பார்த்தான்.

"சுங்கை பூலோவுல கித்தார் வாசிக்க விடுவாங்களாண்ணே?"

அப்படியென்றால் இவனுக்கு முன்பே தெரியும். எனக்கு ஓவென்று அழுகை வந்தது. உள்ளே அம்மா மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்துவிடப் போகிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"விடுவாங்கடா. ஏன் விடமாட்டாங்க?" என்றேன். எனக்கென்ன தெரியும், பாவி.