மன்னார்குடிக்கு ஒரு கடப்பாரை

காலை ஆறு மணிக்கு நாகூரில் பஸ் ஏறினேன். கையில் நாலரை அடிக் கடப்பாரை. நான் இரும்புக்கடைக்காரன்தான், ஆனாலும் கடப்பாரையோடு பிரயாணம் போவது இதுவே முதல் தடவை. கண்டக்டர் மேலும் கீழும் பார்த்தார். "இதுக்கும் ஒரு டிக்கெட் எடுங்க பாய், நின்னுக்கிட்டே வர்ற ஆளாச்சே," என்றார். பஸ்ஸே சிரித்தது.

மன்னார்குடிக்குத் தெற்கே மூன்று மைலில் ஒரு குடியிருப்பு. அங்கிருந்து கோவிந்தன் என்ற விவசாயக் கூலி போன மாதம் நாகூர் தர்காவுக்கு வந்த கையோடு என் கடையில் ஏழு ரூபாய்க்கு மண்வெட்டி வாங்கினார். அவர் கேட்ட கடப்பாரை அன்று இருப்பில்லை. நானே கொண்டுவந்து தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். பண்ணை நிலத்தில் குடியிருந்த மனைக்குச் சர்க்கார் கோவிந்தன் பேரில் பட்டா கொடுத்துவிட்டது. பட்டா வந்த வாரமே பண்ணையார் தம் மண்வெட்டி, அரிவாள், கூடை எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொண்டார். மனையோ பள்ளம். வாய்க்காலில் தண்ணீர் வருவதற்குள் முழங்கால் உயரம் மண் போட்டால்தான் சுவர் நிற்கும்.

எங்கள் பக்கத்தில் மண்வெட்டி என்றால் இரும்பை மட்டும்தான் விற்போம். வாங்குகிறவர் தம் உயரத்துக்கு ஏற்ற காம்பைத் தாமே வெட்டிப் போட்டுக்கொள்வார். காம்பைக் காசு கொடுத்து வாங்குகிறவனை ஊரே கேலி செய்யும்.

திருவாரூரில் பஸ் மாறி மன்னார்குடியில் இறங்கும்போது பத்தரை மணி. பெரிய குளத்தங்கரையில் ஒரு டீ குடித்துவிட்டு நடந்தேன். வரப்புகளில் சிவப்புக் கொடிகள், முச்சந்தியில் போலீஸ் வேன். கடப்பாரையைத் துண்டில் சுற்றிக்கொண்டேன். வேனில் இருந்தவர்கள் தூங்கியதால் பிழைத்தேன்.

கோவிந்தனின் மனைவி அஞ்சலை அலுமினியத் தட்டால் மண்ணை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க பாய். அவரு ஸ்டேஷன்ல இருக்காருங்க."

"ஏம்மா, என்ன ஆச்சு?"

"மம்பட்டிக்குக் காம்பு போட வாய்க்காக் கரையில ஒரு கருவேலங் கொம்பு வெட்டுனாரு. மரம் பண்ணையோடதாம். திருட்டுக் கேசு போட்டுட்டாங்க. கொம்பு, மம்பட்டி எல்லாத்தையும் சாட்சிக்குன்னு தூக்கிட்டுப் போயிட்டாங்க."

ஆயுசுக்கும் உழைக்கும் என்று நான் மார்தட்டிக் கொடுத்த இரும்பு, ஒரு பிடி மண்கூட வெட்டவில்லை. மனை அவருடையது, மண்வெட்டி அவருடையது. அதில் செருக ஒரு கொம்பு இந்த ஊரில் எந்த மரத்திலும் அவருக்கு இல்லை.

கடப்பாரையை நீட்டினேன். அஞ்சலை அதைத் தொடவே இல்லை.

"வேணாம் பாய். இங்க இதப் பாத்தா ஆயுதம்னு இன்னொரு கேசு போடுவாங்க. எடுத்துட்டுப் போயிடுங்க."

"தண்ணி எப்பம்மா விடுறாங்க?"

"நேத்தே தொறந்தாச்சாம்."

பேசிக்கொண்டிருக்கும்போதே வாய்க்காலில் செந்தண்ணீர் வந்தது. ஊரெல்லாம் கும்பிட்டு வரவேற்கும் தண்ணீர், ஒரு நாழிகைக்குள் கரையின் தாழ்ந்த பக்கமாக மனைக்குள் நுழைந்தது. தட்டுத் தட்டாகக் கொட்டிய மண் கரைந்தது. அஞ்சலை அழவில்லை. அடுப்பைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு மேட்டைப் பார்த்து நடந்தார். கடப்பாரையை மறுபடி துண்டில் சுற்றிக்கொண்டேன். மாலை பஸ்ஸில் ஊர் திரும்பினேன்.

மறுநாள் காலை, கொல்லைப் பூவரசின் கிளை ஓட்டில் உரசுகிறது என்று என் மனைவி சொன்னாள். அரிவாளை எடுத்து வெட்டினேன். கைக்கு அடக்கமான, நேரான கிளை. இழுத்துக்கொண்டு போய்த் தெருவில் போட்டேன். ஏன் வெட்டினாய் என்று யாரும் கேட்கவில்லை.