நான்கு நாள் முன்னதாகப் பிறந்தவள்

உப்பளம் மைதானத்தின் சிமெண்ட் படியில் உட்கார்ந்து என் மகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்கள் கால்பந்து அணிக்கான தேர்வு. அவளுக்கு இது மூன்றாவது முறை. அந்த வயதுப் பிரிவில் கடைசி முறையும்கூட. கடல் பக்கமிருந்து காற்று வந்தது, போனது, மறுபடி வந்தது. என்னைப் போலவே அதற்கும் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை.

பந்து அவள் காலுக்கு வந்தால் அடங்கிவிடும். பெற்றவன் என்பதால் சொல்லவில்லை. பாதத்தின் உட்புறத்தால் ஒரு தொடல்தான். சீறி வந்த பந்து தூங்கிப்போகும். அடுத்த கணம் ஒரு தோள் வந்து இடிக்கும். அவள் தடுமாறுவாள். பந்து போய்விடும்.

இடிப்பவள் பெரும்பாலும் அவளுடைய தோழி. முதலியார்பேட்டையில் எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவள். அவள் ஜனவரியில் பிறந்தாள், என் மகள் அதே ஆண்டின் டிசம்பர் இருபத்தொன்பதில். சான்றிதழில் ஒரே ஆண்டு. பக்கத்தில் நிற்க வைத்தால் ஒரு தலை உயர வித்தியாசம்.

“ஏய் குட்டச்சி, வலிச்சிதா?”

“போடி பனமரம். காலு நீளமா இருந்தா போதுமா? பந்து எங்க இருக்குன்னு தெரிய வேணாம்?”

“தெரியாதுதான். நீ எங்க வெச்சிருக்கியோ அங்க வந்து புடுங்கிக்கிறேன்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வாரம் முழுக்க நான் ஒரே விஷயத்தைக் கைபேசியில் படித்துக்கொண்டிருந்தேன். திறமை கூடப் பிறப்பதா, பழகி வருவதா என்று தேடப் போனவன், பிறந்த தேதியில் போய் விழுந்தேன். விளையாட்டை ஆராய்கிறவர்கள் பல நாடுகளில் கண்டது இது: வயதுப் பிரிவு எந்தத் தேதியில் தொடங்குகிறதோ, அதை ஒட்டிப் பிறந்த பிள்ளைகளே தேர்வாகும் அணிகளில் அதிகம். கடைசி மாதங்களில் பிறந்தவர்கள் குறைவு. பத்துப் பதினொரு மாத வளர்ச்சியைத் தேர்வாளரின் கண் திறமை என்று எடுத்துக்கொள்கிறது. எடுக்கப்பட்டவர்களுக்கு நல்ல பயிற்சி, நல்ல ஆட்டங்கள். சில வருடம் போனால், முதலில் இல்லாத வித்தியாசம் உண்மையிலேயே உண்டாகிவிடுகிறது. தாக்குப்பிடிக்கிற சின்ன உடம்புக்காரர்கள் பின்னாளில் பிரமாதமாக வருவதும் உண்டாம். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தாக்குப்பிடித்தவர்களைப் பற்றிய வரி அது. விட்டுப் போனவர்களின் வீட்டுக் கதவை யார் தட்டிக் கேட்டார்கள்?

எங்கள் பிரிவு ஜனவரி ஒன்றில் தொடங்குகிறது.

அவள் வயிற்றில் இருந்தபோதே ஆபரேஷன்தான் என்று முடிவாகியிருந்தது. “ஜனவரி ரெண்டாந்தேதி வெச்சிக்கலாம், அவசரமில்ல” என்றார் டாக்டரம்மா. இப்படி நாள் குறிக்கிற வாய்ப்பு வந்தால் எங்கள் பக்கம் யாரும் சும்மா விடுவதில்லை; ஜோசியரிடம் ஓடுவார்கள். ஜோசியத்தைக் கேலி செய்து எழுதியவன் நான். நானும் ஓடினேன். நான் எழுதிய எதுவும் எங்கும் போய்ச் சேரவில்லை, என் பிள்ளையாவது போய்ச் சேரட்டும் என்று இருந்தது.

“இருபத்தொம்போது, காலைல பத்தே காலுக்குள்ள எடுத்துடுங்க. தொட்டதெல்லாம் ஜெயிக்கும் இந்தப் புள்ள” என்றார் ஜோசியர்.

“ஏங்க, நாலு நாள் உள்ள இருந்தா என்ன கொறஞ்சிடும்? டாக்டரம்மா சொன்ன தேதியே இருக்கட்டுமே” என்றாள் மனைவி, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு.

“ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு” என்றேன்.

பிறந்த நாள்தான் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் என்றார் ஜோசியர். விஞ்ஞானமும் ஏறக்குறைய அதைத்தான் சொல்கிறது. நாங்கள் கிரகங்களைப் பார்த்தோம், சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்க்கவில்லை. ஜனவரி இரண்டில் பிறந்திருந்தால் அவள் அடுத்த ஆண்டுப் பிள்ளைகளோடு, எல்லோருக்கும் மூத்தவளாக இறங்கியிருப்பாள். இடிக்கிற தோள் அவளுடையதாக இருந்திருக்கும். இந்தப் படியில் வேறு யாரோ ஒரு தகப்பன் உட்கார்ந்திருப்பான். அதுவும் என்ன நியாயம்?

விசில் ஊதினார்கள். பயிற்சியாளரம்மா பெயர்களைப் படித்தார். தோழியின் பெயர் வந்தது. காகிதத்தை மடித்துவிட்டார்.

நான் எழுந்து போனேன். “மேடம், டிசம்பர்ல பொறந்த புள்ள…”

“அதுக்கு நான் என்ன சார் பண்றது? பொறந்தது பொறந்ததுதான? காலு நல்லா இருக்கு, ஒடம்பு வரல. அடுத்த வருஷம் பாக்கலாம்.”

அடுத்த வருஷம் மேல் பிரிவு. அங்கே இரண்டு, மூன்று வயது மூத்தவர்கள் இருப்பார்கள். அங்கேயும் ஜனவரி ஒன்றுதான்.

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். முதலியார்பேட்டையில் எங்கள் தெரு திரும்பும்போது என் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“அப்பா, அவ எனக்குப் பதினோரு மாசம் பெரியவ.”

“ஆமாம்மா.”

“டாக்டரம்மா ஜனவரி ரெண்டுன்னுதான் சொன்னாங்களாமே. நாலு நாள் பொறுத்து பொறந்திருந்தா நான் அடுத்த செட்டுல வந்திருப்பேன்ல?”

“ம்.”

“நான்தான் அவசரப்பட்டுட்டேன் போல.”

சொல்லியிருக்கலாம். தெருவில் வண்டியை நிறுத்தித் திரும்பி, நீ இல்லைம்மா, நான்தான் என்று சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் ஹாரன் அடித்தேன். தெருவில் யாருமே இல்லை.

வீட்டில் அம்மாவிடமும் அதையே சொன்னாள்: “அவசரக்குடுக்கைம்மா நானு.” மனைவி பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் சொல்வேனா என்று பார்த்தாள். பிறகு குழாயைத் திறந்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு காலை வாசலில் தோழியின் குரல். “குட்டச்சி, பிராக்டீஸுக்கு வரலியா?”

“நீ போடி. தூக்கம் வருது.”

அவள் கண் திறந்துதான் இருந்தது. ஜன்னல் திண்டில் ஷூவின் அடியில் போன வாரத்து மண் காய்ந்திருந்தது. நான் கதவோரம் நின்றேன். என்னைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.